மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வேண்டுமா?

மும்பையில் மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி ஒரு வாக்குவாதம் நடக்கிறது. தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் அது.

"தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதை ஏன் கொட்ட வேண்டும்?" என்பார் வீட்டுக்காரர்.

"மாதம் ஒரு தடவை முழுவதும் கொட்டிக் கழுவினால்தான் சுத்தம்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

"நமக்கே தண்ணீர் இல்லை. மீனுக்கு ஒரு குடமா?" என்பார், விடியற்காலையில் எழுந்து டிரம் நிரப்பும் வீட்டுக்கார அம்மாள்.

முதல் இரண்டு பேர் சொல்வதைக் கேட்டால் மீன் பிழைப்பது கடினம். மூன்றாவதாகப் பேசியவரின் கேள்விதான் நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆசை பிறந்த இடம்

மும்பைத் தமிழர் வீடுகளில் மீன் ஆசை நுழைந்தது பெரும்பாலும் தாராபூர்வாலா மீன் காட்சிச் சாலை வழியாகத்தான். மெரின் டிரைவில் 1951-ம் ஆண்டு திறக்கப்பட்டு, 2015-ல் புதுப்பிக்கப்பட்ட அந்தக் காட்சிச் சாலைக்கு, பல தலைமுறைத் தந்தைமார் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துச் சென்றார்கள். திரும்பும்போது பிள்ளைகள் சும்மா திரும்பவில்லை. "நம் வீட்டிலும் ஒரு தொட்டி வேண்டும்" என்று அடம்பிடித்தார்கள்.

தொட்டியும் மீனும் வாங்க கிராபோர்டு மார்க்கெட் இருக்கிறது. அங்கே விற்கும் வண்ண மீன்களில் ஒரு பங்கு நம் ஊர்ச் சரக்கு. சென்னை கொளத்தூர் வண்ண மீன் வளர்ப்புக்கும் மொத்த வியாபாரத்துக்கும் நாடு முழுவதும் பெயர் பெற்ற இடம்.

அந்த மீன்களைப் பல ஊர்களுக்கு அனுப்பும் முறையிலேயே ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர். மீதி முழுவதும் ஆக்சிஜன். பையில் போடுவதற்கு முன்பு மீன்களை ஒரு நாளோ, இரண்டு நாளோ பட்டினி போடுகிறார்கள். கொடுமைக்காக அல்ல. வயிறு நிறைந்த மீன் பைக்குள் கழிவு விடும். அந்தக் கழிவே வழியில் மீனைக் கொன்றுவிடும். வியாபாரிக்கு இது தெரியும். வாங்கிச் செல்லும் வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

மீன் தின்னும் தீனியில் ஒரு பகுதி உடம்பில் சேருகிறது. மீதி கழிவாகிறது. அந்தக் கழிவில் முக்கியமானது அம்மோனியா. மீன் அதைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியே விடுகிறது. தின்னாமல் அடியில் கிடக்கும் தீனியும், அழுகும் இலையும் அம்மோனியாவையே தருகின்றன.

அம்மோனியாவுக்கு நிறம் இல்லை. தண்ணீரில் கரைந்து நின்றால் கண்ணுக்குத் தெரியாது. "தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்பது அதனால்தான் நம்பத் தகுந்த சாட்சி அல்ல. தெளிவு வேறு, சுத்தம் வேறு.

ஆற்றிலும் ஏரியிலும் இந்தத் தொல்லை ஏன் இல்லை? அங்கே தண்ணீர் ஏராளம், மீன் குறைவு. நம் ஊர் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஏரிக்கு வரத்துக் கால் உண்டு, கலங்கலும் உண்டு. மழைக் காலத்தில் புதுத் தண்ணீர் ஒரு பக்கம் வருகிறது, பழைய தண்ணீர் மறு பக்கம் வழிந்து போகிறது. தண்ணீர் மாற்றும் வேலையை மழை செய்கிறது. சாலில் ஒரு மூலையில், டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு மழையும் இல்லை, கலங்கலும் இல்லை.

கூலி வாங்காத வேலையாட்கள்

அப்படியானால் மீன் வாங்கிய மறு நாளே சாக வேண்டாமா? சாகாமல் காப்பாற்றுவது பாக்டீரியா.

தொட்டியில் இரண்டு வேலை நடக்கிறது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம்தான். மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டால் மீனுக்கு வரும் கெடுதல் மிகவும் குறைவு. இப்படி வேலை செய்யும் பாக்டீரியாக்களை 1890-ம் ஆண்டு வாக்கில் ரஷிய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார்.

இவை தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதைவிட, கல், மணல், பில்டர் ஸ்பான்ஞ்சு ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு வாழ்வதே அதிகம். இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் ஒரு பகுதியை எடுத்துக் கொட்டினால் இந்தப் பாக்டீரியா அழிந்துவிடாது. ஆனால் கல்லையும் ஸ்பான்ஞ்சையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் பெரும் பகுதி அழிந்துபோகும். குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின், நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்ப்பதில்லை.

புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா பெருகி வேலையை முழுவதும் ஏற்றுக்கொள்ள 4 முதல் 6 வாரம் வரை ஆகும். தொட்டி வாங்கிய அன்றே 10 மீன்களை விடுகிறவர்கள், ஒரே வாரத்தில் 7 மீன்களை இழப்பதற்குக் காரணம் இதுதான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறார்கள். பல சமயம் குற்றம் மீனிடத்திலும் இல்லை, கடையிலும் இல்லை.

குமாஸ்தா கணக்கு

சரி, பாக்டீரியா வந்துவிட்டது. அம்மோனியா நைட்ரேட் ஆகிவிட்டது. பிறகு என்ன கவலை?

கவலை இருக்கிறது. நைட்ரேட் எங்கே போகும்? தொட்டியை விட்டு வெளியேற அதற்கு வழி இல்லை. தினமும் தீனி என்ற பெயரில் வெளியிலிருந்து வரவு வருகிறது. செலவுப் பத்தியில் ஒன்றும் இல்லை. இருப்பு ஏறிக்கொண்டேதான் போகும்.

ஆபீசில் பேரேடு எழுதுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். ஒரு தொட்டியில் லிட்டருக்கு வாரம் 10 மில்லிகிராம் நைட்ரேட் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊற்றும் புதுத் தண்ணீரில் நைட்ரேட் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

தண்ணீரே மாற்றாவிட்டால் ஒரு வருடத்தில் அது 520 ஆகிவிடும்.

வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால், ஏறி ஏறிக் கடைசியில் 100-ல் நிற்கும்.

வாரம் நாலில் ஒரு பங்கு மாற்றினால் 40-ல் நிற்கும்.

வாரம் பாதி மாற்றினால் 20-ல் நிற்கும்.

எந்த அளவில் மாற்றினாலும், வாரந்தோறும் மாற்றி வந்தால் ஏற்றம் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. மாற்றாவிட்டால் எங்கும் நிற்பதில்லை. நைட்ரேட் 20-க்குள் இருந்தால் நல்லது, 40-ஐத் தாண்ட விடக் கூடாது என்பது வீட்டில் மீன் வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. சாதாரண வீட்டுத் தொட்டிக்கு வாரம் நாலில் ஒரு பங்கு என்று சொல்லப்படுவதன் காரணம் இந்தக் கணக்கில் தெரிகிறது.

குறைந்ததை நிரப்பினால் போதாதா?

"நாங்கள் வாரா வாரம் தண்ணீர் ஊற்றுகிறோமே" என்று சிலர் சொல்வது உண்டு. விசாரித்தால், ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஊற்றி நிரப்புகிறார்கள். இது மாற்றுவது ஆகாது.

ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர்தான். அதில் கரைந்திருந்த உப்பும் கழிவும் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. மேலே ஊற்றும் தண்ணீரோடு இன்னும் கொஞ்சம் உப்பு வந்து சேருகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதும் இதுதான். பாத்தியில் கடல் நீரை விடுகிறார்கள். வெயிலில் நீர் போகிறது, உப்பு நிற்கிறது. உப்பு எடுப்பதற்கு அது நல்ல முறை. மீன் வளர்ப்பதற்கு நல்ல முறை அல்ல.

கொஞ்சத்தை வெளியே எடுத்துக் கொட்டிய பிறகு ஊற்றினால்தான் அது மாற்றுவது.

"என் மீன் இரண்டு வருடமாக இருக்கிறதே!"

தண்ணீர் மாற்றத் தேவையில்லை என்பவர்கள் காட்டும் பெரிய சாட்சி இது. தண்ணீரை மாற்றியதே இல்லை, மீன் இரண்டு வருடமாக உயிரோடு இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய் அல்ல. ஆனால் பாதிதான் உண்மை.

தண்ணீர் ஒரே நாளில் கெட்டால் மீன் தாங்காது. மெல்ல மெல்லக் கெட்டால் பழகிக்கொள்ளும். பழகிக்கொண்டது என்பதற்காக நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வளர்ச்சி குறையும். நிறம் மங்கும். சிறிய நோய்க்கும் எதிர்த்து நிற்கச் சக்தி இருக்காது.

இதற்கு ஒரு சோதனை உண்டு. அந்தத் தொட்டியில் புது மீன் ஒன்றை விட்டுப் பார்த்தவர்களுக்கு முடிவு தெரியும். பழைய மீன்கள் நீந்திக்கொண்டிருக்கும், புது மீன் இரண்டு நாளில் மிதக்கும். "நோய் மீனைக் கொடுத்துவிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். உண்மையில் அந்தத் தண்ணீர் பழைய மீன்களுக்கு மட்டுமே பழகிப்போன தண்ணீர்.

திடீர்ச் சுத்தம், திடீர்ச் சாவு

இனி, மாதம் ஒரு முறை முழுவதும் கொட்டிக் கழுவச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் கட்சிக்கு வருவோம்.

பல மாதம் கவனிக்காத தொட்டியில் இன்னொரு மாறுதலும் நடக்கிறது. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. தண்ணீரில் இருக்கும் கார்பனேட் அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். கார்பனேட் தீர்ந்துவிட்டால் தண்ணீர் அமிலமாகிக்கொண்டே போகும். அமிலம் ஏறினால், வேலை செய்யும் பாக்டீரியா சோர்ந்துவிடும். அம்மோனியா மறுபடியும் சேரத் தொடங்கும்.

ஆனாலும் மீன் உடனே சாவதில்லை. ஏன்? அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கிறது. ஒன்று கொடிய விஷம், மற்றது அவ்வளவு கெடுதல் செய்யாது. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது, அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பி.எச். எண். பி.எச். 6 ஆக இருந்தால் விஷ வடிவம் 1,000-ல் ஒரு பங்குக்கும் குறைவு. 7 ஆக இருந்தால் 100-ல் ஒரு பங்குக்கும் குறைவு. 8 ஆகிவிட்டால் 100-ல் 5, 6 பங்கு.

இப்போது வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்ய உட்காருகிறார். பாதிக்கு மேல் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரை ஊற்றுகிறார். தண்ணீரின் பி.எச். சட்டென்று உயருகிறது. அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியா சில நிமிடங்களில் விஷமாகிறது. மாலைக்குள் மீன் செத்து மிதக்கிறது.

அல்லது ஒரு சொட்டுப் பழைய தண்ணீர்கூட இல்லாமல் கொட்டி, கல்லையும் ஸ்பான்ஞ்சையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்து ஊற்றுகிறார். அம்மோனியா போய்விட்டது. ஆனால் குளோரின் வந்துவிட்டது. பாக்டீரியாவும் போய்விட்டது. தொட்டி மறுபடியும் புதுத் தொட்டி ஆகிவிட்டது.

"தண்ணீர் மாற்றினால் மீன் சாகிறது, அதனால் மாற்றவே கூடாது" என்ற நம்பிக்கை இந்த அனுபவத்தில்தான் பிறக்கிறது. மீனைக் கொன்றது தண்ணீர் மாற்றியது அல்ல. அதுவரை மாற்றாமல் இருந்ததும், மாற்றும்போது ஒரேயடியாக மாற்றியதும்தான்.

லண்டனில் ஒரு சோதனை

மாற்றவே வேண்டாம் என்ற கொள்கை இன்று நேற்று வந்தது அல்ல. அதற்கு 170 வருடத்துக்கு மேல் வயது ஆகிறது.

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் இருந்தார். அவர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சிறிய தங்க மீன்களையும், வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். பிறகு நத்தைகளையும் சேர்த்தார். செடி ஆக்சிஜன் தருகிறது, நத்தை அழுகிய இலையைத் தின்கிறது, மீனின் கழிவு செடிக்கு உரமாகிறது என்று 1850-ல் அறிவித்தார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன் மாளிகை திறந்தார்கள். 1854-ல் பிலிப் காஸ் என்பவர் மீன் தொட்டியைப் பற்றி எழுதிய புத்தகம் வெளிவந்தது. இங்கிலாந்து முழுவதும் வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் மோகம் பரவியது. செடியும் மீனும் சமமாக இருந்தால் தண்ணீரைத் தொடவே வேண்டாம் என்ற எண்ணம் பல தலைமுறைக்கு நிலைத்துவிட்டது.

வாரிங்டன் சொன்னதில் உண்மை உண்டு. செடி கழிவை உரமாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? இரண்டு மீன் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு மீன். செடி பிளாஸ்டிக் செடி. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு முறை தீனி போடுகிறார்கள். இதில் சமநிலை எங்கிருந்து வரும்?

அமெரிக்காவில் டயானா வால்ஸ்டாட் என்ற அம்மையார் 1999-ல் வெளியிட்ட நூலில் வேறொரு வழியைக் காட்டினார். அடியில் மண் போட்டு, அடர்த்தியாகச் செடி வளர்த்து, மீனைக் குறைவாக வைத்தால் மாதக் கணக்கில் தண்ணீர் மாற்றாமல் இருக்கலாம் என்பது அவர் முறை. இந்த முறையில் பலர் வெற்றி பெற்றிருக்கிறார்கள். ஆனால் அங்கே கழிவை எடுக்கும் வேலையைச் செடி செய்கிறது. வளர்ந்த செடியை வெட்டி எடுக்கும்போது கழிவும் வெளியே போகிறது. வாளி செய்யும் வேலையைக் கத்தரிக்கோல் செய்கிறது என்று சொல்லலாம். செடியும் இல்லை, வாளியும் இல்லை என்றால் அந்தத் தொட்டிக்கு வழி இல்லை.

வீட்டுக்கார அம்மாளுக்குப் பதில்

இப்போது முக்கியமான கேள்வி. தண்ணீருக்கு எங்கே போவது?

மும்பைக்குத் தண்ணீர் சும்மா வரவில்லை. துள்சி, விகார், தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, பாட்சா என்ற ஏழு நீர்நிலைகள் இந்த நகரத்தைக் காப்பாற்றுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை நகரத்துக்கு வெளியே வெகு தொலைவில் இருக்கின்றன. குழாயில் வருவதோ சில மணி நேரம். தண்ணீர் வரும் நேரத்தை வைத்துத்தான் பல வீடுகளில் தூக்கமும் விழிப்பும் நடக்கின்றன. இந்த நிலையில் மீனுக்குத் தண்ணீர் கொட்டுவது எந்த வீட்டுக்கார அம்மாளுக்கும் உறுத்தத்தான் செய்யும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமுள்ள தொட்டியில், கல்லும் மேல் இடைவெளியும் போக, சுமார் 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் நாலில் ஒரு பங்கு 11 லிட்டர். அதாவது ஒரு வாளி. வருடத்தில் 52 வாரத்துக்கு 572 லிட்டர்.

மாதம் ஒரு முறை முழுவதும் கொட்டுகிறவருக்கு எவ்வளவு ஆகிறது? 45 லிட்டர் வீதம் 12 தடவைக்கு 540 லிட்டர். அத்தோடு கல்லையும் கண்ணாடியையும் கழுவும் தண்ணீர் தனி. ஆகவே வாரம் ஒரு வாளி மாற்றுவதற்கும் மாதம் ஒரு முறை கழுவுவதற்கும் தண்ணீர்ச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று மீனைக் காப்பாற்றுகிறது, மற்றது மீனை ஆபத்தில் விடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஒரு வாளியும் வீண் போக வேண்டியதில்லை. மீன் தொட்டித் தண்ணீரில் இருக்கும் நைட்ரேட் செடிக்கு நல்ல உரம். துளசிக்கும், டப்பாவில் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடிக்கும் ஊற்றலாம். மீதியைக் கக்கூசுக்கு ஊற்றலாம். மீனுக்கு மருந்தோ உப்போ கலந்த தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றக் கூடாது. எப்படியும் கக்கூசுக்கு ஒரு வாளி வேண்டும். அந்த வாளி மீன் தொட்டி வழியாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால், வீட்டுக் கணக்கில் செலவு ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

செய்யும் முறை

மீனுக்கென்று ஒரு வாளியைத் தனியாக ஒதுக்க வேண்டும். துணி ஊற வைத்த வாளி ஆகாது. ஒட்டியிருக்கும் சோப்பு மீனுக்கு விஷம்.

முதல் நாள் காலையில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அந்த வாளியில் திறந்து வைக்க வேண்டும். ஒரு நாள் கழிந்தால் சாதாரண குளோரின் போய்விடும். அவசரமானால் மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை, சீட்டில் எழுதியுள்ள அளவுப்படி விடலாம். பழைய நாளில் போட்டோ ஸ்டுடியோவில் பயன்படுத்திய ஹைப்போவும் இந்தக் குணம் கொண்டதுதான்.

ஒரு ரப்பர் குழாயைத் தண்ணீரால் நிரப்பி, இரு முனையையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டியிலும் மறு முனையைத் தரையில் உள்ள காலி வாளியிலும் விட்டால் தண்ணீர் தானாக இறங்கும். தொட்டி முனையைக் கல்லுக்கு மேலே நகர்த்திக்கொண்டே போனால் அடியில் கிடக்கும் அழுக்கும் சேர்ந்து வந்துவிடும். மீனை வெளியே எடுக்கத் தேவையில்லை. மீனைப் பிடித்து விடுவதே அதற்கு ஒரு தண்டனை.

பில்டர் ஸ்பான்ஞ்சு அடைத்துக்கொண்டிருந்தால், அப்போது எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து அலச வேண்டும். குழாயடியில் கழுவக் கூடாது.

புதுத் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்து, தொட்டித் தண்ணீரின் சூடு இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு மெதுவாக ஊற்ற வேண்டும். எல்லாம் சேர்ந்து கால் மணி நேர வேலை.

பல மாதமாகக் கவனிக்காத தொட்டியாக இருந்தால் முதல் நாளே ஒரு வாளி மாற்றக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்காக, இரண்டு மூன்று வாரம் மாற்றி, மீனைப் பழக்கிய பிறகே வழக்கமான அளவுக்கு வர வேண்டும். டேங்கர் தண்ணீருக்கோ, ஆழ்குழாய்த் தண்ணீருக்கோ மாறும்போதும் இதே நிதானம் வேண்டும்.

தண்ணீரை மிச்சப்படுத்துவது எப்படி?

மழைக்கு முன்பு ஏரிகளில் நீர் குறைந்தால் மும்பையில் தண்ணீர் வெட்டு வருவது உண்டு. 2024-ம் ஆண்டில் மே 30-ந் தேதி முதல் 5 சதவீதமும், ஜூன் 5-ந் தேதி முதல் 10 சதவீதமும் வெட்டினார்கள். அப்படிப்பட்ட நாட்களில் என்ன செய்வது?

வரவைக் குறைத்தால் செலவையும் குறைக்கலாம். தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் இதனால் மெலிந்துவிடாது. வாளியை அரை வாளி ஆக்கிக்கொள்ளலாம்.

எப்போதுமே தீனி போடும் பொறுப்பு வீட்டில் ஒருவரிடம் மட்டும் இருப்பது நல்லது. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் போடக் கூடாது. தண்ணீரைக் கெடுப்பதில் முதல் இடம் மீனுக்கு அல்ல, தீனி டப்பாவுக்குத்தான்.

மே மாதத்தில் ஊருக்குப் போகிறவர்கள் சாவியோடு தீனி டப்பாவையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பாசத்தோடு அள்ளிப் போடுகிறார். திரும்பி வரும்போது தொட்டி நாறுகிறது. டப்பாவைக் கொடுக்கக் கூடாது. ஒரு நாளுக்கு ஒரு சிட்டிகை வீதம் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டும். புறப்படும் வாரத்தில் இரண்டு முறை தண்ணீர் மாற்றிவிட்டுப் போக வேண்டும்.

வாங்கும்போதே யோசிப்பது எல்லாவற்றையும்விட நல்லது. 45 லிட்டர் தொட்டியில் ஏழெட்டு கப்பி மீன்கள் சுகமாக இருக்கும். அதே தொட்டியில் நாலு தங்க மீன்களை விட்டால் இட நெருக்கடிதான். தங்க மீன் பெரிதாக வளரும் ஜாதி, நிறையக் கழிவு விடும் ஜாதி. மேஜை மேல் வைக்கும் 4, 5 லிட்டர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அதை வைப்பது சரியே அல்ல. தொட்டி சிறியதாக இருக்க இருக்கத் தண்ணீர் சீக்கிரம் கெடும். சிறிய தொட்டிதான் வேலை குறைவு என்று நினைப்பது தவறு.

பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் தங்கி வேலைக்குப் போனவர்கள் மும்பைத் தமிழர்களில் ஏராளம். காற்று போதாவிட்டால் அவர்கள் வெளியே வந்து வராந்தாவில் படுத்துக்கொள்ளலாம். மீனுக்கு வராந்தா கிடையாது. அது மூச்சு விடுவதும், கழிப்பதும் அந்த ஒரே தண்ணீரில்தான்.

ஆகவே வாரம் ஒரு வாளி ஒதுக்க முடிகிறவர்கள் தாராளமாக மீன் வளர்க்கலாம். ஒதுக்க முடியாதவர்கள் மீனின் எண்ணிக்கையைக் குறைத்து, உண்மையான செடிகளை வளர்க்கலாம். அதுவும் முடியாதென்றால், பிள்ளை எவ்வளவு அடம்பிடித்தாலும் தொட்டி வாங்குவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவதே நல்லது.